சந்தன எண்ணெய் வாங்குகிறவரும் காட்டோரம் வாழ்கிறவரும்

அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் பழங்குடி ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, பதுக்கிவைத்த சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அங்கே நுழைந்தார்கள். ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். கடத்தல்காரர்கள் என்று ஊர்க்காரர்கள் மேலேயே வழக்கும் போட்டார்கள். பின்னர் அந்த மூன்று துறைகளையும் சேர்ந்த 269 பேர் மீது வழக்கு நடந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

ஒரு மரத்தைச் சாக்காக வைத்து இவ்வளவு நடந்ததென்றால் அதற்குப் பின்னால் இருப்பது அதன் விலை. அந்த விலை எண்ணெயில் இருக்கிறது. வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலும் வேரிலும்தான் எண்ணெய் ஊறும். அதற்கே பத்து, பதினைந்து ஆண்டுகள் போக வேண்டும். நூறு கிலோ நல்ல கட்டையை நீராவியில் வடித்தால் நான்கைந்து கிலோ தேறினாலே பெரிது. கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போகிற சரக்கு இது. அப்படியானால் 10 மில்லி சுத்தமான எண்ணெய்க்கே ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். ‘நூறு சதவீதம் அசல்’ என்று நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு குப்பி கிடைத்தால், அதில் இருப்பது பெரும்பாலும் வேறு எண்ணெயும் செயற்கை வாசனையும்தான்.

அசல் எண்ணெயின் மணம் மெதுவாக எழுந்து நெடுநேரம் நிற்கும். சாண்டலால் என்ற பொருளே அதற்குக் காரணம். அத்தர், சோப்பு, ஊதுபத்தி எல்லாவற்றுக்கும் அது அடிமணம். மனதுக்கு இதமாக இருக்கிறது என்று பலர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் மணம் வேறு, மருந்து வேறு. அப்படியே தோலில் தேய்த்தால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஓரிரு சொட்டு விட்டு, முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். குடிக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம். புற்றுநோயோ சர்க்கரை நோயோ குணமாகும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வாங்கும்போது பில் கேளுங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, தொகுதி எண், காலாவதித் தேதி குப்பியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளென்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பில் கேட்பது உங்கள் பணத்துக்காக மட்டுமல்ல. கணக்கில் வராத எண்ணெய் கணக்கில் வராத கட்டையிலிருந்து வந்திருக்கலாம். அந்தக் கடத்தலில் லாபம் ஒருவருக்கு. அடி விழுவது காட்டோரத்து ஊருக்கு.

பட்டா நிலத்தில் சந்தனம் வளர்ப்பதற்குத் தடை இல்லை, மரம் நில உடைமையாளருக்கே சொந்தம். ஆனால் வெட்டவும் ஏற்றிச் செல்லவும் வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரை நம்பி மரத்தில் கை வைத்தால் வழக்கு உங்கள் மேல்தான் பாயும். மரம் திருட்டுப் போனால் அன்றே காவல் நிலையத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

சோதனை என்று ஊருக்குள் வருகிறவர்களுக்கும் சட்டம் உண்டு. யாரைக் கைது செய்தாலும் காரணம் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில்கூட நடுவரின் முன் அனுமதியோடு பெண் அதிகாரிதான் செய்யலாம். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். போகமுடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.