முதல் வாரத்துப் பாடம்

மேடையேறிப் பேசிப் பழகியவரும் முதன்முதலாக ஒரு வகுப்பறை வாயிலில் நிற்கும்போது நா வறண்டுபோவதுண்டு. மேடைப் பேச்சைக் கேட்க வந்தோர் விரும்பி வந்தோர். வகுப்பில் இருப்போரோ மணியடித்தமையால் இருப்போர். புதிய ஆசிரியரின் முதல் வாரத்துத் தொல்லைகளுட் பல இவ்வேறுபாட்டிலிருந்தே முளைக்கின்றன.

பயிற்சிக் காலத்தில் நாம் கற்பித்த மாதிரி வகுப்புகளை எண்ணிப் பார்ப்போம். பின்வரிசையில் விரிவுரையாளர் அமர்ந்திருப்பார். மாணவர் அடங்கியிருப்பர். அந்த அடக்கம் நமது ஆற்றலால் விளைந்தது என்று நாம் மயங்கிவிடுகிறோம். நியமனம் பெற்றுத் தனித்து நிற்கும் நாளில் பின்வரிசையில் எவரும் இல்லை. 40 நிமிடத்துக்கென எழுதிய பாடக்குறிப்பு 15 நிமிடத்தில் முடிந்துவிடுகின்றது. கரும்பலகையை நோக்கித் திரும்பியதும் முதுகுக்குப் பின்னே சிரிப்பொலி எழுகின்றது. மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொள்கின்றது. நான்காம் நாள் கை பிரம்பைத் தேடுகின்றது.

1985 முதல் நம் நாட்டில் கல்வியியற் கல்லூரிகள் தோன்றியதோடு, பயிற்சியின் இறுதியாண்டைப் பாடசாலையிலேயே கழிக்கும் முறை ஏற்பட்டமை பெரும் நன்மையாயிற்று. உடல் தண்டனை கூடாதென 2005 இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. எனினும், பிரம்பை மட்டுமே விலக்கிவிட்டால் போதுமா? சொல்லும் சில வேளைகளில் பிரம்பாகிவிடுகின்றது. இதனை யான் கற்றது என் முதல் வாரத்திலேதான்.

1991 இல் மலையகத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆறாம் ஆண்டு வகுப்பு எனக்குக் கிடைத்தது. கண்டிப்பானவர் என்று முதலிலேயே பெயரெடுத்துவிட்டால் வகுப்பு அடங்கிவிடும் என்பது நண்பர் சிலர் கூறிய அறிவுரை. வரவு இடாப்பை மூடிய பின்னரே நாள்தோறும் ஒரு சிறுவன் ஓடிவருவான். முதல் இரு நாளும் வெளியே நிறுத்தினேன். மூன்றாம் நாள், “படிப்பு உனக்கு விளையாட்டா? நேரத்துக்கு வரமுடியாவிட்டால் வராதே!” என்றேன். வகுப்பு சிரித்தது, யானும் உள்ளூர மகிழ்ந்தேன். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவ்வூரவரான மூத்த ஆசிரியர் ஒருவரிடம் விசாரித்தேன். அவர் சனிக்கிழமை என்னை லயத்துக்கு அழைத்துச் சென்றார். சிறுவன் தங்கையை இடுப்பிற் சுமந்தபடி வாயிலில் நின்றான். “அம்மா வெள்ளனவே பெரட்டுக்குப் போயிரும் சேர். தங்கச்சியப் புள்ள மடுவத்துல வுட்டுட்டுத்தான் வரணும்” என்றான். குற்றஞ்சாட்டும் தொனி அக்குரலில் இல்லை. பிள்ளை மடுவத்திலிருந்து பாடசாலைக்கு இரண்டு மைல். அவன் ஓடிவந்த காரணம் அன்றுதான் விளங்கிற்று.

திங்களன்று அவன் வந்தான். எனினும் அவ்வாண்டு முழுவதும் தானாக எழுந்து என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டானில்லை. யான் பெற்ற ‘கண்டிப்பானவர்’ என்ற பெயருக்கு அவன் செலுத்திய விலை அது.

ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் தம் நன்னூலில் மாணாக்கரை அன்னம், பசு, இல்லிக்குடம், எருமை முதலியனவாக வகுத்துள்ளார். இவ்வகுப்பு நமக்கு நன்கு நினைவிருக்கின்றது. ஓய்வறையில் அமர்ந்து, எவன் எருமை, எவன் இல்லிக்குடம் என்று பெயர் சூட்டுவதிலும் நாம் வல்லவர். ஆனால் அதே பாயிரம் ஆசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுவதை எளிதில் மறந்துவிடுகிறோம். நிலத்துக்குப் பொறுமை உண்டு. நிறைகோல் ஒருபாற் சாயாது. மலர் உரிய பொழுதில் முகம் மலரும். பெறுபவன் எவ்வகையில் ஏற்பான் என்பதை அறிந்தே கொடுத்தல் வேண்டும் என்பதும் அந்நூலின் விதி. பாடத்தை அறிந்துகொண்டு வகுப்புக்குச் செல்கிறோம். பெறுபவனை அறியாமற் செல்கிறோம். புதிய ஆசிரியரின் இடர்களுக்கு மூலம் இதுவேயாகும்.

இவ்வாண்டு நியமனக் கடிதத்துடன் அறிமுகமில்லாத ஊருக்குப் பேருந்து ஏறும் இளைஞர்க்கும் யுவதிகட்கும் சொல்லத் தக்கவை சிலவே. முதல் வாரத்தில் பாடம் சிறிது பின்தங்கினாலும் குற்றமில்லை. பிள்ளைகளின் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். பெயர் சொல்லி அழைக்கப்பெற்ற பிள்ளையின் குறும்பு பாதியாகும். தெரியாத வினா எழுந்தால், “நாளை பார்த்துச் சொல்கிறேன்” என்று கூறுங்கள். மறவாமல் மறுநாள் சொல்லுங்கள். மதிப்பு அதனாற் குறையாது, வளரும். மூத்த ஆசிரியரிடம் கேட்க நாணாதீர்கள்.

தாமதித்து வரும் பிள்ளையைக் கண்டால், அவன் வந்த வழியை முதலில் கேளுங்கள். ஆசிரியர் வகுப்பறையிற் கற்கும் முதற்பாடம் அவ்வழியிலேதான் தொடங்குகின்றது.