இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள்

வீணையின் நாதத்தைப் பெருக்குவது அதன் குடம். மின்கித்தாருக்குக் குடம் இல்லை. அதன் உடல் பெரும்பாலும் கெட்டியான மரப்பலகையே. தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் 'பிக்கப்' என்னும் சிறு கருவியே அதற்கு உயிர் தருகிறது. பிக்கப் ஒற்றைச் சுருள் உடையது, இரட்டைச் சுருள் உடையது என இருவகைப்படும். பின்னதை 'ஹம்பக்கர்' என்பர்.

ஒற்றைச் சுருளும் அதன் குறையும்

காந்தத்தைச் சுற்றி, தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் முறை சுற்றி அமைப்பதே ஒற்றைச் சுருள். அதன் மேலுள்ள எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் இம்முறையில் உருவாக்கிய மின்கித்தார் 1932இல் விற்பனைக்கு வந்தது.

ஆயினும், தந்தி தருவது எது, அயலிலிருந்து வருவது எது என்று சுருள் பகுத்தறியாது. வீட்டு மின்கம்பிகளும் மின்மாற்றிகளும் எழுப்பும் காந்த அலைகளையும் அது ஏற்றுக்கொள்ளும். மாறுதிசை மின்சாரம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நொடிக்கு 50 சுற்றும், அமெரிக்காவில் 60 சுற்றும் அலைவது. அவ்வலைவே 'ஹம்' என்னும் தாழ்ந்த இரைச்சலாய் இசையோடு கலந்து ஒலிக்கிறது.

எதிர்மறை இரண்டு

இக்குறையை நீக்க முனைந்தவருள் ஒருவர் கிப்ஸன் நிறுவனத்துப் பொறியாளர் சேத் லவர். 1955இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அது கிடைத்தது. அதே காலத்தில் ரே பட்ஸ் என்பவரும் தனியே இத்தகைய பிக்கப்பை அமைத்தார். 'இரைச்சலை எதிர்ப்பது' என்பதே ஹம்பக்கர் என்னும் பெயரின் பொருள்.

இதில் இரு சுருள்கள் அருகருகே அமைந்துள்ளன. ஒன்றில் காந்தத்தின் வடமுனையும், மற்றதில் தென்முனையும் தந்தியை நோக்கும். சுருள்களின் மின்திசையும் ஒன்றுக்கொன்று எதிரானது.

'அவன் வராமல் இல்லை' என்றால் வந்தான் என்பதே பொருள். எதிர்மறை இரண்டு சேர்ந்தால் உடன்பாடு. இங்கு நிகழ்வதும் அதுவே. தந்தியின் ஒலி, காந்தமுனை மாறுவதால் ஒருமுறையும் சுருளின் திசை மாறுவதால் மற்றொரு முறையும் திருப்பப்படுகிறது. ஆகவே இரு சுருள்களின் இசையும் ஒத்து நின்று வலுக்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலையோ காந்தமுனை மாற்றுவதில்லை. சுருளின் திசையால் ஒருமுறை மட்டுமே அது திருப்பப்படுகிறது. ஆதலின் ஒரு சுருளின் இரைச்சல் மற்றதன் இரைச்சலோடு எதிர்ப்பட்டு அழிகிறது.

ஒரு சுருளின் இரு முனைகளை மட்டும் இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டாலோ, எல்லாம் தலைகீழாகிவிடும். இசை மெலியும், இரைச்சல் பெருகும். கருவி அதுவே, கம்பியும் அதுவே. இணைப்பு ஒன்றே பிழை.

இணைக்கும் முறைகள்

ஹம்பக்கர் பலவற்றில் சுருளுக்கு இரண்டாக நான்கு கம்பிகள் வெளிவரும். ஒரு சுருளின் முனையை மற்றதன் முனையோடு வரிசையாகத் தொடுப்பது தொடர் இணைப்பு. இதில் ஒலி வலிமையும் தடிப்பும் பெறும். இரண்டையும் பக்க இணைப்பில் தொடுத்தால் வலிமை குறைந்து தெளிவு மிகும். இரைச்சல் அப்போதும் அடங்கியே இருக்கும். தொடர் இணைப்பின் நடுமுனையை ஒரு விசைவழியாகத் தரையிணைப்போடு சேர்த்தால் ஒரு சுருள் மட்டும் ஒலிக்கும். அதனோடு இரைச்சலும் திரும்பிவரும்.

கம்பியின் நிறத்தை மட்டும் நம்பலாகாது. தொடர் இணைப்புக்கு, சீமோர் டங்கன் பிக்கப்பில் வெள்ளையும் சிவப்பும் ஒன்றுசேரும். டிமார்ஸியோவில் கறுப்பும் வெள்ளையும் சேரும்.

ஒரே கித்தாரில் இருவகைப் பிக்கப்பும் இருப்பின், அவை ஒரே திசையில் இயங்குகின்றனவா என்று சோதித்தல் வேண்டும். முள் உள்ள மின்னளவியைப் பிக்கப்பின் இரு முனைகளிலும் பொருத்தி, அதன்மேல் சிறு திருப்புளியை வைத்துச் சட்டென எடுத்தால் முள் ஒருபுறம் துள்ளும். எல்லாப் பிக்கப்புகளிலும் அது ஒரே புறம் துள்ள வேண்டும். ஒலியளவுக் குமிழுக்கு ஒற்றைச் சுருளாயின் 250,000 ஓம், ஹம்பக்கராயின் 500,000 ஓம் மின்தடை கொள்வது வழக்கம். மின்தடை கூடினால் கூரிய ஒலிகள் குன்றாமல் நிற்கும்.

அமைதிக்கும் ஒரு விலை உண்டு. இரு சுருள்களும் தந்தியை வெவ்வேறிடத்தில் உணர்வதால் நுண்ணிய மேலொலிகள் சில தமக்குள்ளேயே அழிந்துபோகின்றன. ஆதலாற்றான், இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு ஒற்றைச் சுருளின் தெளிவை நாடும் கலைஞர் இன்றும் உளர்.