ஹார்ட் டிஸ்க் கூட்ட எந்தக் கார்ட் வாங்கலாம்?

மாசியில் காமன் கூத்தின் கடைசி இரவை விடிய விடியப் படம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது கல்யாண வீடுகளுக்கு வரும் 4கே கமராக்கள் பலவும் நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிகின்றன. அது மணிக்கு 45 கிகாபைட். எட்டு மணி நேரத்துக்கு 360. இரண்டு பக்கமும் கமரா வைத்தால் 720 கிகாபைட். ரதியும் மதனும் ஆடும் ஒரே இரவுக்கு இவ்வளவு. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று நாலைந்து தோட்டங்களில் பதிவு செய்யத் தொடங்கும் இளைஞர் கழகத்துக்கு ஒரு வருஷத்திலேயே டிஸ்க் போதாமல் போகும்.

கூத்து மட்டுமில்லை, லயங்களில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் காகிதங்களும் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களையே இரண்டாகப் பிரித்தது. அதற்குப் பின் ஒருவர் எந்த நாட்டவர் என்பதை ஒரு பிறப்புச் சான்றிதழோ ஒரு பழைய கடிதமோ தீர்மானித்த காலம் பல ஆண்டுகள் நீடித்தது. அப்படி ஒரு தாளை வண்ணத்தில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால், சுருக்காத நிலையில் ஒரு ஏ4 பக்கம் ஏறத்தாழ 100 மெகாபைட் வரும். கம்பளைக்கு அண்மையில் பழைய லயன் அறைகளிலேயே 2007இல் திறக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும், 2005 முதல் தமிழ் ஆவணங்களை இணையத்தில் ஏற்றிவரும் நூலக நிறுவனமும் பெரிய வேலை செய்கின்றன. ஆனாலும் வீட்டுக்கு வீடு இருக்கும் பெட்டிகளையெல்லாம் அவர்களே திறந்து பார்க்க முடியாது. லயத்தில் தீப்பிடித்தால் அந்தப் பெட்டியை எடுக்க யாருக்கும் நேரமிருக்காது. ஆகவே தோட்டத்துக்கு ஒன்றாவது, முடிந்தால் டிவிஷனுக்கு ஒன்றாக, இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் ஒரு கணினி வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்குப் புதுப் பெட்டி வாங்கத் தேவையில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்ட பிறகு, டிஸ்க் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட வெளிநாட்டுப் பெட்டிகள் சாதாரண வீட்டுக்கு எட்டாத பொருளாகிவிட்டன. கம்பனிகள் கழித்துவிட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் போன்ற பாவித்த கணினிகளோ தாராளமாகக் கிடைக்கின்றன. சேர்வராக ஓட அவற்றின் வேகம் போதும். குறை ஒன்றுதான்: மதர்போர்டில் டிஸ்க் மாட்டும் சாட்டா துளை மூன்றோ நாலோதான் இருக்கும். ஐந்தாவது டிஸ்க் வாங்குகிற அன்று கார்ட் தேட வேண்டிவரும்.

தேடத் தொடங்கினால் தலை சுற்றும். ஆறு துளைக் கார்ட், பத்துத் துளைக் கார்ட், இருபது துளைக் கார்ட் எல்லாமே ஏறக்குறைய ஒரே உருவத்தில் இருக்கும். துளை கூடக் கூட லாபம் என்றே தோன்றும். உண்மையில் பார்க்க வேண்டியது கார்டின் அடியில் மதர்போர்டுக்குள் இறங்கும் தங்கநிறப் பட்டையைத்தான். டிஸ்க்குகளின் தகவல் முழுவதும் அந்த வழியாகத்தான் போய்வரும். பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற அந்த இணைப்பில் எத்தனை லேன், எந்தத் தலைமுறை என்ற இரண்டு விபரமும்தான் கார்டின் உண்மையான கொள்ளளவைச் சொல்லும். இரண்டாம் தலைமுறையில் ஒரு லேன் நொடிக்கு 500 மெகாபைட் கடத்தும். மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன் ஏறத்தாழ 985 கடத்தும். சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வேகமாக ஓடும்போது 200 முதல் 250 வரை கேட்கும்.

இனிக் கணக்குப் போடுவது சுலபம். ஏஎஸ்எம் 1064 என்ற சிப் உள்ள கார்டில் நாலு துளை, மூன்றாம் தலைமுறை லேன் ஒன்று. நாலு டிஸ்க்கும் ஒன்றாக ஓடினாலும் ஆளுக்கு 246 மெகாபைட் கிடைக்கும். ஏஎஸ்எம் 1166இல் ஆறு துளை, இரண்டு லேன். அங்கே ஆளுக்கு 320க்கு மேல் கிடைக்கும். ஜேஎம்பி 585இல் ஐந்து துளை, இரண்டு லேன். இந்த மூன்றில் எதை வாங்கினாலும் சுழலும் டிஸ்க்குக்குக் குறையில்லை. மதர்போர்டின் துளை பழைய இரண்டாம் தலைமுறையாக இருந்தால் இந்த அளவுகள் பாதியாகும். வீட்டு நெட்வேர்க் கேபிளே நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் தராது என்பதால், அன்றாடம் படம் பார்க்கவும் கோப்பு ஏற்றவும் அந்தக் குறை தெரியாது. செத்த டிஸ்க்குக்குப் பதிலாகப் புது டிஸ்க் போட்டு, மற்ற டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்டெடுக்கும்போதுதான் தெரியும். 4 டெராபைட்டை 125 மெகாபைட் வேகத்தில் நிரப்ப ஒன்பது மணி நேரம் ஆகும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் ஒன்பது மணி நேரம் நீண்ட நேரம்தான்.

இருபது துளைக் கார்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெப்பம் தணிக்கும் அலுமினியத் தகட்டின் கீழே ஒரு சிப் இருக்கும். சாட்டா துளை வரிசைகளுக்குப் பக்கத்தில் நாலைந்து சின்னச் சிப் தனியாகப் பதித்திருக்கும். அவற்றின் மேல் ஜேஎம்பி 575 என்று பொடி எழுத்தில் இருந்தால், அவை ஒரு சாட்டா இணைப்பை ஐந்தாகப் பிரித்துக் கொடுப்பவை. ஐந்து மலைகளின் கொழுந்து லொறியையும் ஒற்றைத் தோட்டத்துப் பாதையில் விட்டது போல, ஐந்து டிஸ்க்கும் அந்த ஒரே இணைப்பைப் பகிர வேண்டும். வேகம் குறைவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு டிஸ்க் பழுதாகித் தடுமாறினால் கார்ட் அந்த இணைப்பையே முழுதாக நிறுத்தித் திரும்பத் தொடங்கும். அதில் தொங்கும் நல்ல டிஸ்க் நாலும் சேர்ந்து மறைந்துபோகும். அதுவும் மீட்பு வேலை நடக்கும் நேரத்தில் நடந்தால் எல்லாத் தகவலும் போகலாம். இப்படிப் பிரித்துக் கொடுக்கும் கார்டை இலவசமாகக் கிடைத்தாலும் சேர்வரில் மாட்ட வேண்டாம் என்றே சொல்வேன்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பாவித்த சேர்வர்களிலிருந்து கழற்றிய ரெய்ட் கார்ட்களும் மலிவாக வருகின்றன. டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கும்படி அந்தக் கார்டே பார்த்துக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்தத் தகவலை எந்த டிஸ்க்கில் எப்படிப் பிரித்து எழுதியது என்ற ஒழுங்கை அந்தக் கார்ட் தன் சொந்த முறைப்படி வைத்திருக்கும். கார்ட் செத்தால் அதே இனத்துக் கார்ட் இன்னொன்று கிடைக்கும்வரை, நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க்குகளையும் வாசிக்க முடியாமல் போகலாம்.

மலைநாட்டில் கார்ட் சாவது தூரத்துச் சங்கதியில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி இறங்கும். மின் கம்பி வழியாகவோ தொலைபேசிக் கம்பி வழியாகவோ வீட்டுக்குள் வரும். மதர்போர்டும் கார்டும் எரிந்து, டிஸ்க் மட்டும் தப்புவது உண்டு. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை கரண்டை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. கரண்ட் போவதும் வருவதும் மின்சுற்றுகளுக்கு நல்லதில்லை. மாற்றுக் கார்ட் வேண்டுமென்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகவேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து பார்சல் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் தேடுவது, டிஸ்க்கை இருக்கிறபடியே கணினிக்குக் காட்டிவிட்டு வேறெதிலும் தலையிடாத கார்டை. டிஸ்க்குகளை ஒன்றிணைக்கும் வேலையை லினக்ஸிலுள்ள மென்பொருளே செய்யட்டும். இசட்எஃப்எஸ், எம்டிஅட்ம் இரண்டும் தங்கள் கணக்கை டிஸ்க்குகளிலேயே எழுதி வைப்பவை. கார்ட் எரிந்தாலும் கணினி எரிந்தாலும், டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் அவை தங்களை அடையாளம் காட்டும். கூத்துப் பதிவு, ஸ்கேன் போல ஒருமுறை எழுதிவிட்டுப் பிறகு வாசிக்க மட்டும் வைத்திருக்கும் கோப்புகளுக்கு ஸ்னாப்ரெய்ட் இன்னும் பொருந்தும். அதில் ஒவ்வொரு டிஸ்க்கையும் தனியாகவே திறந்து பார்க்கலாம். இரவில் ஒருமுறை காப்புக் கணக்கைப் புதுப்பித்தால் போதும். எதைத் தேர்ந்தாலும் இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். ஒரே வீட்டில் எத்தனை டிஸ்க் இருந்தாலும் ஒரு மண்சரிவு எல்லாவற்றையும் கொண்டுபோகும்.

ஆறுக்கு மேல் டிஸ்க் வேண்டுமென்பவர்கள் எல்எஸ்ஐ 9211-8ஐ என்ற பழைய சேர்வர் கார்டைத் தேடுவார்கள். அந்த ஆசை நியாயமானதே. எட்டு டிஸ்க், எட்டு லேன், பல ஆண்டுகள் சோதித்துத் தேறிய சிப். டெல் எச்310, ஐபிஎம் எம்1015 ஆகியவையும் அதே சிப்பில் செய்தவைதான். வாங்கும்போது ‘ஐடி மோட்’ ஃபர்ம்வெயர் ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். அதுதான் தலையிடாத நிலை. ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். அது பலத்த காற்றோட்டமுள்ள சேர்வர் பெட்டிக்காகச் செய்யப்பட்டது. சாதாரணப் பெட்டியில் அதன் மேல் தனியாக ஒரு சிறிய ஃபேன் கட்டாவிட்டால் சிப் கொதிக்கும். நுவரெலியாவின் குளிர் இதற்குக் கொஞ்சம் உதவும், ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தின் ஐந்தில் நாலு பங்கே என்பதால் காற்று அள்ளிச் செல்லும் சூடும் குறைவு. இரண்டாவது, அது ஏறக்குறைய 10 வொற் எப்போதும் இழுக்கும். மாதத்துக்கு 7 அலகு. 60 அலகைத் தாண்டினால் கட்டண முறையே மாறுவதால் லயத்து வீட்டுக்கு அந்த 7 சின்ன எண்ணில்லை. மூன்றாவது, கேபிள். கார்டின் பெரிய துளையிலிருந்து நாலு சாட்டா முனையாகப் பிரியும் கேபிள் வேண்டும். பார்வைக்கு அதே போல இருக்கும் எதிர்த்திசைக் கேபிள் ஒன்றும் விற்கிறது. அது இதற்கு வேலை செய்யாது.

நாலைந்து டிஸ்க்கோடு தொடங்கும் வீட்டுக்கு என் தேர்வு ஏஎஸ்எம் 1166தான். விலை குறைவு, சூடு குறைவு, கணினி சும்மா இருக்கும்போது உறங்கவும் விடும். சிறிய ஒப்டிபிளெக்ஸ் பெட்டி என்றால் கார்டைப் பெட்டியோடு பொருத்தும் கட்டையான தகடும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். பெரிய பட்டையுள்ள கார்ட் சிறிய துளையில் இறங்காது என்பதையும் முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் நொடிகளில் 25 வொற் வரை இழுக்கலாம். ஆறும் ஒன்றாகத் தொடங்கினால் 150. ஆபீஸ் கணினியின் பவர் சப்ளை அதைத் தாங்குமா என்று அதன் லேபலில் 12 வோல்ற் வரியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நாலு ஊசி முனையை சாட்டா முனையாக்கும் மாற்றுக் கம்பிகளில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை உள்ளே கம்பி ஒட்டித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செருகித் தெரியும் வகையையே வாங்குங்கள்.

கார்ட் கைக்கு வந்ததும் விலைமதிப்பில்லாத எதையும் உடனே அதில் ஏற்றாதீர்கள். வெறும் டிஸ்க் இரண்டை மாட்டி, எங்கிருந்தாவது 100 கிகாபைட் கோப்புகளைக் கொட்டுங்கள். பிறகு கணினியை நிறுத்தி, கார்டைக் கழற்றி, அதே டிஸ்க்குகளை நேராக மதர்போர்டிலோ பக்கத்து வீட்டுக் கணினியிலோ மாட்டுங்கள். கோப்புகள் அப்படியே திறந்தால் கார்டை வைத்துக்கொள்ளலாம். திறக்காவிட்டால், திருப்பிக் கொடுக்கும் தவணை முடியுமுன் கடைக்கே அனுப்பிவிடுங்கள்.