துள்ளும் சக்கரமும் தூக்கிப் போடும் வண்டியும்

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் பக்கம் போயிருக்கிறீர்களா? பாடி ஏற்றப்படாத வெறும் சேஸிஸ்கள் அங்கே வரிசையாக நிற்கும். சற்றுக் குனிந்து பின் அச்சைப் பாருங்கள். வில்லைப் போல் வளைந்த எஃகுத் தகடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்டிருக்கும். மேலே உள்ள தகடு நீளமானது. கீழே போகப் போக நீளம் குறையும். பட்டறையில் இவற்றைப் பிளேட் என்பார்கள். கார்களில் இதே வேலையைப் பெரும்பாலும் சுருள்வில் செய்கிறது. வில்லும், அதைச் சேர்ந்த கைகளும், அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்ததுதான் சஸ்பென்ஷன்.

இது எதற்காக? "உள்ளே இருப்பவருக்குக் குலுக்கல் தெரியாமல் இருக்க" என்று பெரும்பாலோர் சொல்வீர்கள். நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்குப் போகும் முட்டைகளைக் கேட்டால் அவையும் அப்படித்தான் சொல்லும்! ஆனால் இது பாதி விடைதான். சக்கரத்தைச் சாலையை விட்டு எழும்பாமல் அழுத்தி வைத்திருப்பதே சஸ்பென்ஷனின் முதல் வேலை.

ஒரு கார் டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடித்தால் வண்டி நிற்பதும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் உராய்வால்தான். உராய்வு விசை, டயர் தரையை அழுத்தும் விசையைப் பொறுத்தது என்று இயற்பியலில் படித்திருக்கிறீர்கள். சக்கரம் துள்ளினால் அழுத்தம் ஒரு கணம் குறைகிறது, மறுகணம் கூடுகிறது. கூடும்போது கிடைப்பது குறையும்போது இழந்ததை ஈடு செய்துவிடாதா? செய்யாது. டயரில் அழுத்தம் கூடும் அதே விகிதத்தில் பிடிப்பு கூடுவதில்லை. ஆகவே துள்ளும் சக்கரத்தால் எப்போதும் நஷ்டமே.

இனி வில்லின் கணக்கு. வண்டியின் எடையால் வில் எவ்வளவு தாழ்கிறது என்று தெரிந்தால், அது ஒருமுறை மேலும் கீழும் ஆட எடுக்கும் நேரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தாழ்வை மீட்டரில் எடுத்து 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2π ஆல் பெருக்குங்கள். 15 செ.மீ. தாழ்ந்தால் ஏறக்குறைய 0.78 விநாடி வரும். நாம் நடக்கும்போது நம் உடல் ஆடும் வேகத்துக்கு இது அதிகத் தூரமில்லை, அதனால் உறுத்துவதில்லை. 5 செ.மீ. மட்டுமே தாழும் விறைப்பான வில்லுக்கு 0.45 விநாடி. அதாவது விநாடிக்கு இரண்டு குதிப்புக்கும் மேல்.

லாரியின் தொல்லை இங்கேதான். பல டன் பாரத்தைத் தாங்கும்படி அமைந்த வில், வண்டி காலியாக இருக்கும்போது மிகச் சிறிதளவே தாழும். எனவே சுமையோடு அடக்கமாகப் போன லாரி, காலியாகத் திரும்பும்போது கடகடவென்று குதிக்கிறது. இன்னும் சிலர் கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகவே ஒன்றிரண்டு பிளேட்டுகளைச் சேர்த்துக்கொள்வதுண்டு. சட்டத்தை விட்டுவிட்டு இயற்பியலை மட்டும் பார்த்தாலும் இது கெட்டிக்காரத்தனம் அன்று. காலி வண்டியின் பின்சக்கரம் தரையில் நிற்காது, பிரேக்கும் பிடிக்காது.

வில் ஆற்றலை வாங்கித் திருப்பித் தரும்; அழிக்காது. அதை வெப்பமாக மாற்றித் தீர்ப்பது ஷாக் அப்சார்பர். அதனுள் ஒரு பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்குகிறது. (பிளேட்டுகள் ஒன்றோடொன்று உராய்வதாலும் ஓரளவு ஆட்டம் அடங்கும்.) எண்ணெய் கசிந்து ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் கார் விநாடிக்கு 22 மீட்டர் செல்கிறது. ஒரே மேட்டில் ஏறி மூன்று முறை ஆடினால், ஆடி முடிப்பதற்குள் 50 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். சேலத்துக்கு வடக்கே தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் 50 மீட்டர் என்பது சிறிய தூரமா?

வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு ரப்பர் நாடாவில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே இழுத்து விடுங்கள். நெடுநேரம் ஆடும். அதே கல்லை வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு இழுத்து விடுங்கள். விரைவில் அடங்கிவிடும். தண்ணீர்தான் இங்கே ஷாக் அப்சார்பர்.

காரை வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகளை இப்போது கேட்போம். "தூக்கித் தூக்கிப் போடுகிறது" என்றால் தணிப்பு போய்விட்டது. "பள்ளத்தில் டக்டக்கென்று சத்தம்" என்றால் எங்கோ ரப்பர் புஷ்ஷோ பந்து மூட்டோ தேய்ந்திருக்கக்கூடும். "ஒரு பக்கமாக இழுக்கிறது" என்பதற்குக் காரணம் பல; முதலில் டயர்க் காற்றைப் பார்க்க வேண்டும். இவற்றுக்குக் கிடைக்கும் வழக்கமான பதில், "ரோடு அப்படி சார்!" சாலை மோசமாக இருக்கலாம். ஆனால் அதே சாலையில் சென்ற ஆண்டு இழுக்காத வண்டி இன்று இழுத்தால், சாலையின் மேல் பழி போடுவது நியாயமாகாது.

இத்தகைய முறையீடு ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியதுண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960ஆம் ஆண்டு மாடலாகக் கொண்டுவந்த செவர்லே கார்வேர் காருக்கு என்ஜின் பின்னால். பின்சக்கர அச்சு இரண்டு துண்டாகி, நடுவில் மட்டுமே கீல் போல் மடங்கும். வேகமாக வளைவில் திரும்பும்போது உடல் மேலே எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடியக்கூடும். இதைச் சமாளிக்க முன் டயரில் 15 பவுண்டும் பின் டயரில் 26 பவுண்டும் காற்று வைக்கச் சொல்லியிருந்தார்கள். நான்கிலும் ஒரே அளவு காற்று அடிப்பதுதானே ஊர் வழக்கம்? விபத்துக்குள்ளானவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். 1964 மாடலில் பின்னால் குறுக்காக ஒரு பட்டை வில் சேர்ந்தது. 1965இல் அமைப்பே மாறியது. அதே ஆண்டு ரால்ஃப் நாடர் என்ற வழக்கறிஞர் இதை ஒரு நூலில் எழுதினார். 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1972இல் அரசு வெளியிட்ட ஆய்வு, கார்வேர் அக்காலத்து மற்றக் கார்களைவிட மோசமில்லை என்று கூறியதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் முறையீடு வீண் என்றாகாது. அக்காலக் கார்களைச் சோதித்துப் பார்க்க நேர்ந்ததே அதனால்தான்.

நம் மாநிலத்திலும் சான்று உண்டு. சென்னையை அடுத்த மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனம் தயாரித்த ஃபிகோ, கிளாசிக் கார்களில் சுமார் 1,66,000 கார்களை 2013இல் அது தானாகவே சோதனைக்குத் திருப்பி அழைத்தது. பவர் ஸ்டியரிங் குழாயோடு, இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குத் தண்டும் அந்த அழைப்பில் அடங்கியது.

அப்போது அழைப்பது நிறுவனத்தின் விருப்பம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, குறிப்பிட்ட விகிதத்தினர் ஒரே குறையைப் புகார் செய்தால் திருப்பி அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் முதல் இதற்கான விதிகள் நடப்பில் உள்ளன. ஒருவர் சொன்னால் குறை. பலர் சொன்னால் அது புள்ளிவிவரம்.

ஆகவே புகாரை எழுதும் விதமும் முக்கியம். "வண்டி சரியில்லை" என்று எழுதினால் பொறியாளருக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை கி.மீ. வேகம், எத்தனை பேர் இருந்தீர்கள், டயரில் காற்று எவ்வளவு, நேர்ச்சாலையா, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற திருப்பமா என்பதெல்லாம் வேண்டும். கூடவே டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றித் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஷாக் அப்சார்பர் செத்த வண்டியில் சக்கரம் விநாடிக்குப் பத்து முறைக்கும் மேல் துள்ளி, ரப்பரை விட்டு விட்டுத் தின்றிருக்கும். அந்த மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.