கடலில் கொட்டும் சேறு கழனிக்கு வருமா?

புது தில்லி: துறைமுகக் கால்வாய்களில் பெரும் செலவில் வாரியெடுக்கப்படும் வண்டல், மீண்டும் கடலிலேயே கொட்டப்படுகிறது. அதைப் பக்குவப்படுத்தி விளைநிலத்துக்குக் கொண்டு செல்ல முடியுமா என்ற கேள்வியைக் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயல் கூர்மையாக எழுப்புகிறது.

காயலின் வட முனையில் கொச்சித் துறைமுகம். கப்பல்கள் வந்துசெல்ல ஆண்டு முழுவதும் அங்கு தூர்வார வேண்டியிருக்கிறது. தென் முனையில் குட்டநாடு. கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 0.6 முதல் 2.2 மீட்டர் ஆழத்தில் நெல் விளையும் பூமி. அதைக் காக்கும் மண் கரைகள் வெள்ளந்தோறும் உடைகின்றன. 2018-ம் ஆண்டு வெள்ளத்தில் குட்டநாடே நீரில் மூழ்கியது. வடக்கே மண் சுமை. தெற்கே மண் பஞ்சம்.

சேற்றில் பிறந்த நிலங்கள்

இரு முனைகளுமே காயல் மண்ணில் உருவானவைதான். கொச்சியின் வில்லிங்டன் தீவு, ராபர்ட் பிரிஸ்டோவின் துறைமுகப் பணியின்போது தூர்வாரிய மண்ணைக் கொண்டு எழுப்பப்பட்டது. குட்டநாட்டில் காயலின் அடியிலிருந்து களிமண்ணை வெட்டியெடுத்துக் கரை கட்டி, நீரை இறைத்து வயலாக்கினர். 1940-களில் உணவுப் பஞ்சம் நிலவிய காலத்தில் ஜோசப் முரிக்கன் உருவாக்கிய சித்திரை, மார்த்தாண்டம், ராணி காயல் நிலங்கள் புகழ்பெற்றவை. தென்னந்தோப்புகளுக்குக் காயல் சேறே உரமாக இருந்தது. இவ் வேளாண் முறையை ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2013-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது.

பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. உவர்நீரைத் தடுக்க 1976-ல் செயல்பாட்டுக்கு வந்த தண்ணீர்முக்கம் தடுப்பணை, கோடையில் நெல்லைக் காக்கிறது. ஆனால் அது மூடியிருக்கும் மாதங்களில் கடலின் ஏற்றவற்றம் காயலைக் கழுவிச் செல்வதில்லை. சேறும் ஆகாயத்தாமரையும் தேங்குகின்றன.

உப்பும் அமிலமும்

கழிமுகச் சேற்றை அப்படியே வயலில் கொட்ட முடியாது. முதலில் கரை கட்டிய பாத்திகளில் பரப்பி நீரை வடிக்க வேண்டும். உப்பை மழைநீர் கழுவ வேண்டும். காற்றுப்பட்டதும் சேற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலமாக மாறும். குட்டநாட்டின் "கரி" நிலங்களில் விவசாயிகள் அன்றாடம் சந்திக்கும் சிக்கல் இது. சுண்ணாம்பும் தொழுவுரமும் சேர்த்தால்தான் அது பயிர் தாங்கும் மண்ணாகும். நெதர்லாந்தின் டெல்ஃப்சைல் நகரில் 2018 முதல் சில ஆண்டுகள், கழிமுகச் சேற்றை இவ்வாறு முதிரவைத்துக் கடற்கரை அணைக்கான களிமண்ணாக்கும் சோதனை நடைபெற்றது.

எல்லாச் சேறும் உதவாது. ஏலூர் தொழிற்பேட்டைக் கழிவுகளால் கொச்சிக் கழிமுக வண்டலில் துத்தநாகம், காட்மியம் போன்ற உலோகங்கள் படிந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சோதிக்காமல் கழனிக்குக் கொண்டு சென்றால் நஞ்சு சோற்றில் ஏறும்.

யார் பொறுப்பு?

பெருந்துறைமுகங்களுக்கான தூர்வாரும் வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2021-ல் வெளியிட்டது. வாரிய மண்ணை விற்றுச் செலவைக் குறைக்கும் "கழிவிலிருந்து செல்வம்" கொள்கை 2023-ல் அதில் சேர்ந்தது. தூர்வாரும் பணிகளைக் கண்காணிக்கும் இணைய முறையை, சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் தேசியத் தொழில்நுட்ப மையம் உருவாக்கியது. வண்டல் மேலாண்மைக்கான தேசியச் செயல்திட்டத்தை ஜல் சக்தி அமைச்சகம் 2022-ல் வெளியிட்டது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. மணலுக்குச் சந்தை உண்டு, களிமண்ணுக்கு இல்லை. விலையை மட்டும் பார்த்தால் ஒப்பந்ததாரர் மணலை விற்பார், சேற்றைக் கடலுக்கே அனுப்புவார். தோட்டப்பள்ளிப் பொழிமுகத்தில் வெள்ளத் தடுப்பு என்ற பெயரில் கனிம மணல் எடுக்கப்படுவதாக எழுந்த போராட்டத்தின் அச்சமும் இதுவே.

அரசியல் சட்டப்படி பெருந்துறைமுகம் மத்தியப் பட்டியலில் உள்ளது. வேளாண்மையோ மாநிலப் பட்டியலில். சேற்றை உலர்த்த நிலம், சோதிக்க ஆய்வகம், சுமந்து செல்ல படகு என மூன்றுக்கும் யார் பணம் தருவது என்பது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வறிக்கையை ஏற்று 2008-ல் அனுமதிக்கப்பட்ட சுமார் ரூ.1,840 கோடி குட்டநாடு திட்டமே, பல துறைகளின் ஒருங்கிணைப்பின்றித் தடுமாறியது. கடலில் கொட்டும் செலவின் ஒரு பகுதியைக் கரையில் பக்குவப்படுத்த ஒதுக்க, மத்திய அரசும் மாநில அரசும் ஒரே மேஜையில் அமர்ந்தாக வேண்டும். அதுவரை குட்டநாட்டு உழவர் உடைந்த கரைக்கு மண் தேடிக் கொண்டிருப்பார்.