ஒரு விரல் நீளக் குழாயும் 78 உயிர்களும்



அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அங்கே காட்டுப்பன்றித் தொல்லை. பேச்சு பன்றியில் தொடங்கித் துப்பாக்கிக்குப் போயிற்று. ஒரு தம்பி கைத்தொலைபேசியை நீட்டினார்.

"அண்ணே, இதப் பாருங்க. அமெரிக்காக்காரன் இன்னும் பாட்டன் காலத்துத் துப்பாக்கியில மான் சுடுறான். ஒவ்வொரு வேட்டுக்கும் மருந்து கெட்டிக்கிறான். பைத்தியமா இவனுக்கு?"

பைத்தியம் இல்லை, தம்பி. பென்சில்வேனியா மாநிலத்தில் சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் பழைய துப்பாக்கிக்கென்றே தனி மான் வேட்டைக் காலம் உண்டு. 1974-இல் ஆரம்பித்தது, கிறிஸ்துமஸ் முடிந்ததும் வரும். வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக் குண்டை வைத்து, நீண்ட கோலால் அடிவரை திணிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே வேட்டுதான். குறி தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து!

ஆனால் நம் கண் துப்பாக்கியில் நிற்கவில்லை. வேட்டைக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்த ஒரு சிறு குழாயில் நின்றது.

குழாயின் வேலை என்ன?

விரல் நீளத்தில் பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையிலும் மூடி. ஒரு பக்கம் ஒரே ஒரு வேட்டுக்கான மருந்து, மறுபக்கம் குண்டு. முதல் நாள் இரவே வீட்டு மேசையில் நிதானமாக அளந்து நிரப்பிக்கொள்கிறார்கள். மருந்தை 'கிரெய்ன்' கணக்கில் அளப்பார்கள். 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு ராத்தல். மான் வேட்டைக்கு 70 கிரெய்ன் என்றால் நாலரை கிராம், அவ்வளவுதான். பனியில் விரல் விறைத்துப்போன நேரத்தில் அளந்துகொண்டிருக்க வேண்டாம். மூடியைத் திற, கொட்டு, திணி. குழாய் காலியாக இருந்தால் மருந்து உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்; மறந்துபோய் இரண்டு தடவை கொட்டும் ஆபத்தும் குறையும்.

இதில் வசதியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சுட்ட துப்பாக்கியின் அடியில் ஒரு கனல் அணையாமல் கிடக்கலாம். மருந்துக் குடுவையிலிருந்தே நேராகக் குழலில் கொட்டினால், அந்தக் கனல் பட்டுக் குடுவை முழுவதும் கையிலேயே வெடிக்கும். ஆகவே மருந்தைத் தனியே அளந்துதான் கொட்ட வேண்டும். குடுவையை மூடித் தள்ளி வைக்க வேண்டும் என்பது அவர்களின் முதல் பாடம். தப்பித் தவறிப் பற்றிக்கொண்டாலும் பற்றுவது நாலரை கிராம். ஒரு ராத்தல் அல்ல!

இதைப் படித்துவிட்டு யாரும் துப்பாக்கி செய்யக் கிளம்பிவிடாதீர்கள். நம் நாட்டில் உரிமமில்லாத துப்பாக்கி கடுங்குற்றம். நாம் சொல்ல வந்தது வேறு.

காகிதத்தில் சுற்றியவர்கள் யார்?

இந்தப் பிளாஸ்டிக் குழாய்க்கு ஒரு பாட்டன் உண்டு. அதுதான் காகிதத் தோட்டா. அளந்த மருந்தையும் குண்டையும் ஒரே காகிதத்தில் சுற்றிச் சிப்பாயிடம் கொடுத்தார்கள். அவன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைத் திணித்தான். 1857-இல் இந்தியச் சிப்பாய்கள் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியதென்று கேள்விப்பட்டுக் கடிக்க மறுத்தார்களே, அதே சாதித் தோட்டாதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. பழகிய சிப்பாய் ஒரு நிமிடத்தில் மூன்று வேட்டு சுடுவான். ஒவ்வொரு தோட்டாவிலும் 60 கிரெய்ன் மருந்து. ஒரு கட்டில் பத்துத் தோட்டா. சரி, இத்தனை தோட்டாவையும் சுற்றியது யார்? பெண்கள். அதிலும் பலர் சிறுமிகள்.

அதே பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் நகரத்துக்கு அருகே அலிகெனி ஆயுதசாலை இருந்தது. முதலில் பையன்கள் வேலை செய்தார்கள். தீப்பெட்டி கொண்டுவருகிறார்கள் என்று அவர்களை நிறுத்திவிட்டுப் பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பெண்கள் கவனமாக இருப்பார்கள் என்று காரணம் சொன்னார்கள்.

பெண்கள் கவனமாகத்தான் இருந்தார்கள். நிர்வாகம் இருந்ததா?

1862 செப்டம்பர் 17, பிற்பகல். மருந்துப் பீப்பாய் ஏற்றிய குதிரை வண்டி வந்து நின்றது. பீப்பாய்கள் கசிந்தன. வழியெல்லாம் தூள் சிந்திக் கிடந்தது. பாதையோ கல் பாவிய பாதை. குதிரை லாடமோ, சக்கரத்தின் இரும்புப் பட்டையோ கல்லில் உரசிப் பொறி பறந்திருக்க வேண்டும் என்று பலர் நம்பினர். காரணம் இதுதான் என்று கடைசிவரை முடிவாகவில்லை. அடுத்தடுத்து வெடித்தது. 78 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். முகம் அடையாளம் தெரியாதவர்களை ஒரே புதைகுழியில் அடக்கம் செய்தார்கள்.

மரண விசாரணை ஜூரிகள் ஆயுதசாலை அதிகாரிகளின் கவனக்குறைவே காரணம் என்றார்கள். பிறகு இராணுவம் தானே விசாரித்தது. தலைமை அதிகாரிமேல் குற்றமில்லை என்று முடித்துவிட்டது!

அதோடு நின்றதா? இல்லை. 1863 மார்ச்சில் ரிச்மண்ட் நகரில் இன்னொரு தோட்டாச் சாலை வெடித்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கேயும் பெண்களும் சிறுமிகளுமே அதிகம். 1864 ஜூன் 17-இல் வாஷிங்டன் ஆயுதசாலையில் 21 பெண்கள் போனார்கள். அந்தச் சவ ஊர்வலத்தில் அதிபர் லிங்கனே கலந்துகொண்டார். அதிபர் வந்தார், போன பிள்ளைகள் வந்தார்களா?

எண்ணிப் பாருங்கள். சுடுகிறவன் பக்கத்தில் ஒரு வேட்டு மருந்து மட்டும் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சுற்றிக் கொடுத்தவள், பீப்பாய் பீப்பாயான மருந்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பயன்படுத்துகிறவனுக்குக் கிடைத்த பாதுகாப்பு, செய்து கொடுத்தவளுக்குக் கிடைக்கவில்லை.

நம்முடைய 'மருந்து'

நம் தோட்டத்திலும் 'மருந்து' உண்டு. அது களைக்கு அடிக்கிற மருந்து. அதையும் காலங்காலமாகப் பெண்களே முதுகில் சுமந்து அடித்தார்கள். பாராகுவாட் என்ற விஷத்தால் நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது என்று எத்தனை தாய்மார்கள் நம்மிடம் கையைக் காட்டி அழுதிருக்கிறார்கள்! அந்த விஷம் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. ஆனால் மற்ற மருந்துகள் ஸ்டோரில் இருக்கத்தான் செய்கின்றன. இன்று நம்மவர் குறைந்து, இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்கள் அந்தத் தோம்பைச் சுமக்கிறார்கள். முதுகு யாருடையதாக இருந்தால் என்ன, விஷம் ஒன்றுதானே?

தோம்பு கசிகிறதா? கையுறை கிழிந்திருக்கிறதா? அளவுக் கோப்பை இல்லாமல் "சும்மா ஊத்து" என்கிறார்களா? இவை சின்ன விஷயங்கள் அல்ல. பிட்ஸ்பர்க்கில் கசிந்த பீப்பாயும், சிந்திய தூளும் சின்ன விஷயமாகத்தான் தெரிந்திருக்கும்.

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ உடனடியாகப் பெருங்கேடு வரும் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று 26A பிரிவு சொல்கிறது. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. இதை வீம்புக்குப் பயன்படுத்தாதீர்கள். முதலில் மண்டோரிடம், கிராணியிடம் சொல்லுங்கள். எழுத்தில் கொடுங்கள். தேதி போடுங்கள். ஒரு நகலை வீட்டில் வையுங்கள். தோட்டத் தொழிற்சங்கச் செயலாளரிடமும் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி கடைசியில் கேட்டார்: "ஒரு சின்னக் குழாய்க்குள்ள இவ்வளவு கதையா, அண்ணே?"

ஆமாம் தம்பி. ஒவ்வொரு சாமானுக்குள்ளும் அதைச் செய்த கை ஒன்று இருக்கிறது. அந்தக் கை வேலை முடிந்து முழுசாக வீடு திரும்ப வேண்டும். சங்கம் கேட்பது இவ்வளவுதான்.