கழுத்தில் பெயர்ச்சீட்டு

பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் சிலசமயம் கழுத்தில் பெயர்ச்சீட்டும் தோளில் அட்டைப்பெட்டியுமாகப் பழைய நீராவி ரயிலில் ஏறுவார்கள். 1939 செப்டம்பர் 1 அன்று, குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்களே, அதை நடித்துப் பார்க்கும் வரலாற்றுப் பாடம் இது. அப்போது சில நாட்களிலேயே இடம்பெயர்ந்தவர்கள், தாய்மார்களையும் சேர்த்து, ஏறக்குறைய 15 லட்சம் பேர்.

பங்கீட்டு அட்டையைக் காட்டிச் சாமான் வாங்குவதும் நடிப்பில் உண்டு. மிட்டாய்க்கான பங்கீடு அங்கே 1942 முதல் 1953 வரை நீடித்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஏழாண்டுக்குப் பிறகும்தான், பாவம்!

ஒன்று மட்டும் நிஜமாக இருக்கக் கூடாது: தோளில் தொங்கும் அட்டைப்பெட்டிக்குள் இருக்க வேண்டிய அந்தக் காலத்து நச்சுவாயு முகமூடி. அதன் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், மாணவர்களுக்கு அதை அணிவிக்க வேண்டாமென 2014-இல் பள்ளிகளுக்கு அறிவுறுத்தினார்கள்.